அறுநூற்றுப் பதினேழு உல்லமும் ஒரு நாரையும்

ஒரு காட்டில், அதுவும் அரைநாள் கடலாகவும் அரைநாள் சேறாகவும் கிடக்கிற ஓர் அலையாத்திக் காட்டில், தவமணி என்றொரு நாரை இருந்தாள். ஆறு கடலோடு சேருகிற இடத்தில் இருந்தது அந்தக் காடு. நண்டிலிருந்து முதலை வரை அங்கே எல்லாருக்கும் பேச வரும். கேட்கத்தான் ஆள் குறைவு.

முன்பெல்லாம் ஆடியில் புதுவெள்ளம் வந்தால், கடலிலிருந்து உல்லம் மீன்கள் வயிறு நிறைய முட்டையோடு காட்டைத் தாண்டி ஆற்றில் ஏறும். மேலே மணல் மடுக்களில் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும். பொரித்த குஞ்சுகள் தண்ணீரோடு இறங்கி வந்து, அலையாத்தி வேர்களுக்குள் ஒளிந்து வளர்ந்து, பிறகு தாங்களும் கடலுக்குப் போகும். எருமைகள் படுத்துக் கிடக்க ஆழமான தண்ணீர் வேண்டுமென்று ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். அந்த வருஷத்தோடு எல்லாம் நின்றது. வழியில்லாததால் மீன் வரவில்லை. நல்ல தண்ணீர் இறங்காததால் மரங்களும் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின.

பல வருஷம் கழித்துக் காட்டுச் சபைக்கு அக்கறை வந்தது. அணையை உடைத்தார்கள். நீர்நாய்கள் வாய்க்கால் தோண்டின. நண்டுகள் வரிசை பிடித்துக் கண்டல் மர விதைகளை ஊன்றின. மூன்றாம் வருஷம் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்துவிட்டதாகச் சபைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். யாருடைய இடுப்பு என்று எழுதவில்லை.

அப்போதுதான் எருமைகளின் தலைவர் கருப்பண்ணன் சபையில் எழுந்தார்.

"அணையை உடைச்சு எங்க தண்ணி போச்சு. சரி, போகட்டும். மீன் வந்துச்சா? அதைச் சொல்லுங்க. வரலைன்னா திரும்பக் கட்டிக் குடுத்துடுங்க."

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. சபைத் தலைவர் முதலை ராஜரத்தினம் வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆய்வு செய்யணும்" என்றார். ஆவணி அமாவாசைக்குள் குறைந்தது நூறு உல்லமாவது ஆற்றில் ஏறியதற்குச் சான்று வேண்டும், இல்லையென்றால் அணை மறுபடி எழும் என்று தீர்மானம் போட்டார்கள்.

ஆய்வாளர் வேலைக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒன்று நீர்நாய். அது நேர்காணலிலேயே மூன்று தடவை குட்டிக்கரணம் போட்டது. இன்னொருத்தி தவமணி. நாள் முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் நிற்பாள் என்பது ஒன்றே தகுதி. அவளுக்கு வேலை கிடைத்தது.

தவமணி விண்ணப்பித்ததற்கு வேறு காரணம் இருந்தது. எந்தக் காட்டில் யார் கதை சொன்னாலும், அதில் ஒரு நாரை வந்து மீன்களை நைச்சியமாகப் பேசி ஏமாற்றித் தின்னும். சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. ஒரே ஒரு நாரையாவது மீன்களுக்கு நல்லது செய்தது என்று யாராவது சொல்ல வேண்டும், அது தானாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. அதனால் ஆய்வு முடியும்வரை மீனைத் தொடுவதில்லை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். நத்தையும் புழுவும் தின்றாள். நத்தை அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

சபைச் செயலர் ஒரு கூழைக்கடா. கோப்புகளையெல்லாம் தாடைப் பையிலேயே வைத்திருப்பார். எந்தப் படிவம் கேட்டாலும் கொஞ்சம் ஈரமாகத்தான் வரும். அவர் தவமணியிடம் ஒரு கட்டுப் படிவமும், தானாகப் படமெடுக்கும் ஒரு கேமராவும் கொடுத்தார்.

"அணை உடைஞ்ச இடத்துலதான் நிக்கணும். நகரக் கூடாது. நீ பார்த்ததுதான் கணக்கு. பார்க்காதது வந்தாலும் வரலைன்னுதான் எழுதணும்."

தவமணி நின்றாள். ஆனி போயிற்று, ஆடி வந்தது, வெள்ளமும் வந்தது. மீன் வரவில்லை. நாள்தோறும் படிவத்தில் பூஜ்யம் போட்டாள். கேமரா நானூற்றுச் சொச்சம் படம் எடுத்திருந்தது. அத்தனையும் அவளுடைய கால்கள். அதைப் பார்த்த செயலர், 'நீளமான, செதிலில்லாத, எப்போதும் ஜோடியாகவே திரிகிற புதுவகை மீன்' என்று ஓர் அறிக்கை அனுப்பிவிட்டார். சபை ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது. தவமணிதான் போய், "ஐயா, அது நான்" என்று சொல்லி அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தாள்.

ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் கடல் ஏறுகிற ஓதத்தோடு ஒரு குரல் வந்தது.

"நாரையம்மா, அங்கேயே நில்லுங்க. கிட்ட வராதீங்க. பேசணும்."

இருபது முழத்துக்கு அப்பால், வேர்களுக்கு நடுவே, வெள்ளியாக ஒரு முதுகு தெரிந்தது. உல்லம். படிவத்தை எடுக்கப் போன தவமணி, அசைந்தால் அது போய்விடுமோ என்று அப்படியே நின்றாள்.

"என் பேர் முத்தரசி. கூட்டத்துக்கு நான்தான் முன்னால போறவ. பன்னண்டு நாளா முகத்துவாரத்துல கிடக்கிறோம். ஆத்துத் தண்ணி வாசனை பிடிச்சு வந்தோம். வழி நல்லாயிருக்கு. மரம் நல்லாயிருக்கு. நடு வாசல்ல நீங்க நிக்கிறீங்க."

"நான் உங்களை எண்ணத்தான் நிக்கிறேன்."

"எங்க கூட்டத்துல நாரைன்னா ஒரே கதைதான் உண்டு. அதுலயும் முதல்ல எண்ணத்தான் செய்யும்."

தவமணிக்குச் சுருக்கென்றது. அவள் சபையின் தீர்மானத்தைச் சொன்னாள். தான் நிற்காவிட்டால் அவை வந்ததாகக் கணக்கில்லை, கணக்கில்லாவிட்டால் அணை எழும் என்று சொன்னாள்.

முத்தரசி வேரோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"எங்களால இன்னும் ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல முட்டையை இங்கயே உப்புத் தண்ணியில விட்டுடணும். விட்டா ஒண்ணும் பொரிக்காது. நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கக் கூடாதா?"

"தள்ளி நின்னா செல்லாது."

"நின்னா நாங்க வர மாட்டோம்."

தவமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். கரை மணலில் அடம்பங்கொடி படர்ந்து கிடந்தது. ஒரு நீளமான கொடியை இழுத்து வந்து, ஒரு நண்டைக் கூப்பிட்டு, தன் அலகைச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொன்னாள். நண்டு மூன்று முடிச்சுப் போட்டது. சந்தேகத்துக்கு நாலாவது ஒன்றும் போட்டது. சாட்சிக்கு வேண்டுமே என்று, பக்கத்துச் சேற்றில் கிடந்த ஆமை பொன்னம்பலத்தைப் பாறைமேல் ஏறி உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் ஏறி உட்காரும்போது வெயில் ஏறிவிட்டது.

முத்தரசி முதலில் தனியாக வந்தாள். நாரையின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து, ஒரு கணம் நின்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வாலை ஒரு தட்டுத் தட்டினாள். பின்னால் ஆறே வெளுத்துவிட்டது.

ஒவ்வொரு மீனும் அவள் காலை உரசிக்கொண்டு போயிற்று. கனத்த, குளிர்ந்த, முட்டை புடைத்த வயிறுகள். இரண்டு மாதமாக நத்தை தின்ற வயிறு அவளுக்குள் கத்தியது. கழுத்து தானாக வளைந்தது. கொடி அறுந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. உடைந்த அணையின் கல்லில் பத்துக்கு ஒரு கோடாக நகத்தால் கீறிக்கொண்டே வந்தாள். கடைசி வால் மேலே மறைந்தபோது அறுபத்தொரு கோடும், மிச்சம் ஏழும். அறுநூற்றுப் பதினேழு.

நண்டு முடிச்சை வெட்டிவிட்டது. தவமணி அழுதாளா என்றால், தண்ணீரில் நிற்பவள் அழுதால் எப்படித் தெரியும்.

அமாவாசைக்கு முந்தின நாள் சபை கூடியது. தவமணி எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னாள்.

"சாட்சி?" என்றார் ராஜரத்தினம்.

ஆமை பொன்னம்பலம் முன்னால் வந்தார். சபை காத்திருந்தது. "நான் பார்த்தேன்" என்றார் அவர். "முதல் மீன் போச்சு. அடடா, எத்தனை வருஷமாச்சுன்னு நினைச்சுக்கிட்டுத் தலையை நிமித்தினேன். ஆறு காலியா இருந்துச்சு."

"ஆக, ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார் செயலர்.

"கல்லுல கோடு இருக்கு ஐயா."

"கோடு நானும் போடுவேன், கொம்பால" என்றார் கருப்பண்ணன். "ஒரு சந்தேகம் கேக்கறேன். இந்தம்மா நாரைதானே? ரெண்டு மாசமா மீனே தின்னலையாம். அறுநூறு மீன் காலை உரசிட்டுப் போச்சாம். ஒண்ணைக்கூடத் தொடலையாம். ஐயா, நான் எருமை. எனக்கே நம்ப முடியலை."

சபை சிரித்தது. தவமணி அலகில் கொடி அறுத்த தழும்பைக் காட்டினாள். அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை என்றார் செயலர். ஆய்வாளர் வாயைக் கட்டிக்கொள்ளலாம் என்று எந்த விதியிலும் இல்லை, கட்டிக்கொண்டதே சந்தேகத்துக்கு இடம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அணையைத் திரும்பக் கட்டலாம் என்று" என ராஜரத்தினம் தீர்மானத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

தவமணி மேலே ஆற்றைப் பார்த்தாள். அங்கே அறுநூற்றுப் பதினேழு தாய்கள் இறங்கி வரக் காத்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் நகத்தளவு குஞ்சுகள் எத்தனை லட்சமோ. குறுக்கே கல் அடுக்கினால் அத்தனையும் உள்ளேயே அடைபட்டுச் செத்துப்போய்விடும். தன் பேரை நல்ல பேராக்க வேண்டுமென்றுதான் இத்தனையும் செய்தாள். இப்போது அந்தப் பேர் ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது.

"ஐயா, கணக்குல ஒரு திருத்தம்" என்றாள். "வந்தது அறுநூத்துப் பதினேழு இல்லை. அறுநூத்து அம்பத்தேழு."

"மிச்சம் நாப்பது?" என்றார் செயலர்.

"தின்னுட்டேன்."

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லாருக்கும் மனசு நிறைந்துவிட்டது.

"அப்படிச் சொல்லும்மா" என்றார் ராஜரத்தினம். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. ருசி எப்படி?"

தவமணி உல்லத்தை வாழ்நாளில் தின்றதில்லை. யாரோ சொல்லக் கேட்டதுதான். "நல்லாயிருந்துச்சு. முள்ளுதான் ஜாஸ்தி."

"ஆமா, உல்லம்தான்" என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கருப்பண்ணன்கூட மெதுவாக உட்கார்ந்தார். "நாப்பதைத் தின்னிருக்கான்னா வந்திருக்கத்தான் வேணும்" என்றார். "இல்லாததைத் தின்ன முடியாதே."

ஆற்றையும் காட்டையும் சீரமைத்தது பலன் தந்திருக்கிறது, அணை வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஆய்வுப் பொருளைத் தின்ற குற்றத்துக்காகத் தவமணியை வேலையிலிருந்து நீக்கியதும் அதே தீர்மானத்தில்தான். அடுத்த ஆய்வைச் செயலரே ஏற்றுக்கொண்டார். மற்ற நாரைகள் வந்து அவளைப் பாராட்டிவிட்டுப் போயின. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

பத்து நாள் கழித்து முத்தரசியின் கூட்டம் ஆற்றிலிருந்து இறங்கி வந்தது. வயிறெல்லாம் ஒட்டி, மெலிந்து, தெம்பாக இருந்தன. நண்டுகள் அதற்குள் விஷயத்தைச் சொல்லியிருந்தன. முத்தரசி மட்டும் நின்றாள்.

"நாப்பதா? போனதும் அறுநூத்துப் பதினேழு. திரும்பறதும் அதேதான். எண்ணிட்டேன்."

"தெரியும்."

"சபையில வந்து நான் சொல்றேன். கடல்லயும் சொல்றேன், இப்படி ஒரு நாரை இருந்துச்சுன்னு."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள் தவமணி. "நான் தின்னலைன்னு தெரிஞ்சா, நீங்க வரலைன்னு ஆயிடும்."

முத்தரசி யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு முழம் கிட்ட வந்தாள்.

"உங்களை மறக்க மாட்டோம் நாரையம்மா."

தவமணி முத்தரசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து லேசாக வளைந்திருந்தது.

"ஆய்வு முடிஞ்சிடுச்சுல்ல?" என்றாள் முத்தரசி.

"முடிஞ்சிடுச்சு."

"அப்ப நான் கிளம்பறேன்" என்று முத்தரசி ஆழத்துக்குப் போய்விட்டாள்.

நீதி: உண்மை எடுபட வேண்டுமானால், உங்களைப் பற்றி ஊர் ஏற்கெனவே நம்புகிற கெட்ட குணத்தில் ஒரு பிடி அதில் கலந்து கொடுங்கள். கெட்ட குணம் எதுவும் இல்லாதவர்கள் தயவுசெய்து ஆராய்ச்சிக்கு வர வேண்டாம்.