ஐஸ்காரர் கேட்ட மீன்

புதுச்சேரியில் பாதிரியாரான என் பொறுமையை ஐந்தே நிமிடத்தில் கரைத்துவிடக் கூடியவர் ஒருவர்தான். எங்கள் கோயில் பங்கின் ஐஸ்காரர். மீன்காரர்களுக்கு ஐஸ்கட்டி சப்ளை செய்பவர். அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வேறு யாருக்கும் அது தெரியாது.

எனக்கோ அப்போது பிரசங்கம் என்றாலே அலுப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக அதே பைபிள் வாசகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. சனிக்கிழமை சாயங்காலம் ஃபோனைத் தட்டி, எவரோ எழுதிய பிரசங்கத்தை எடுத்து, ஞாயிறு பூசையில் படித்துவிடுவேன். ஜனங்கள் தூங்குவார்கள். எனக்கே கண்ணைச் சொருகும். பேசாமல் ஏதாவது ஆபீஸ் வேலை கொடுங்கள் என்று ஆயருக்குக் கடிதம் எழுதி மேஜையில் வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வேளையில்தான் இவர் வருவார். இவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் பார்த்தவர். அவர் விட்டுப்போன சொத்து 'பர்தோன்' என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, மன்னிக்கவே முடியாத கேள்வியாகக் கேட்பார்.

"பர்தோன் சாமி. ஏசு குடுத்த அப்பத்தை அஞ்சாயிரம் பேரு சாப்ட்டாங்களே, கை கழுவ தண்ணி யாரு ஊத்துனது?"

இன்னொரு வாரம், "காணாமப் போன ஒரு ஆட்டைத் தேடி மேய்ப்பரு போனாரே, மிச்சம் தொண்ணூத்தொம்பதை யாருகிட்ட ஒப்படைச்சாரு?"

"அதெல்லாம் முக்கியமில்லைங்க."

"ஆட்டுக்கு முக்கியம்தானே சாமி!"

ஒருநாள், ஏசு சொல்லி வீசிய மீனவர் பேதுருவின் வலை கிழிகிற அளவுக்கு மீன் சிக்கிய வாசகம். ஐஸ்காரர் நாற்காலியை நகர்த்தி நெருங்கி உட்கார்ந்தார்.

"பேதுருவும் கூட்டாளிங்களும் எல்லாத்தையும் உட்டுட்டு ஏசு பின்னாடி போயிட்டாங்க. சரி. ரெண்டு படகு மீனு! ஐஸும் கெடையாது. வெயில்ல அது என்னா ஆச்சி?"

"எனக்கென்னய்யா தெரியும்? வீட்டுக்குப் போங்க!" என்று கத்திவிட்டேன்.

"சாமிக்கே தெரியலையா" என்று வருத்தமாக எழுந்து போனார்.

ஆள் போனாரே தவிர கேள்வி போகவில்லை. ஃபோனில் துழாவினேன், எந்தப் பிரசங்கத்திலும் அந்த மீன் இல்லை. எரிச்சலோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீனவர் குப்பமான பிள்ளைச்சாவடிக்கே போனேன். கரையில் கூடையோடு நின்ற ஒரு அம்மாவிடம், படகு நிறைய மீனை விட்டுவிட்டு ஆட்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதென்னா கேள்வி? கரையில நிக்கிறவங்க அள்ளிக்குவோம். அன்னிக்கு எல்லா வூட்லயும் கொழம்புதான்!"

ஞாயிறு அதைத்தான் பேசினேன். பேதுரு விட்டுப்போன மீனை, ஏசுவின் முகத்தையே பார்க்காதவர்கள் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்ட கதை. கையில் பேப்பர் இல்லை, ஃபோன் இல்லை. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. கோயிலில் ஒருவர்கூடத் தூங்கவில்லை, ஐஸ்காரரைத் தவிர. முதல் பெஞ்சில், வாயைப் பிளந்துகொண்டு, குறட்டையோடு! இறங்கிப் போய் உலுக்கலாமா என்றிருந்தது.

இருந்தாலும் அன்று மத்தியானமே ஆயருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை நோட்டும் பென்சிலுமாகக் காத்திருந்தேன். ஆளைக் காணோம். பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். தொண்டையில் புண்ணாம். கழுத்தில் மஃப்ளரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு சாமி" என்றார் அவர் மனைவி.

"அவரு பேச வேணாம்மா. நான் படிக்கிறேன், அவரு மூஞ்சியைக் காட்டினா போதும்."

கட்டிலருகே உட்கார்ந்து, நாளைய வாசகத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அவர் புருவம் சுருங்கிய இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.