வெளித்திரை ஒளியேற்று வைபவம்

பொதுமக்களின் குறைகள் இனிமேல் கடதாசியில் அல்லாது வெளித்திரையில் மாத்திரமே நோக்கப்படும் என்று எங்கள் ஊர் வடிகால் அலுவலகத்துக்குச் சுற்றுநிருபம் ஒன்று வந்தது. திரையில் தெரியாத குறை, குறையாகக் கொள்ளப்படமாட்டாது. செயலாளர் அப்துல் ஸமட் அதை வாசித்துப் பெரிதும் நிம்மதியடைந்தார். அலுவலகத்தில் அப்போது திரை இருக்கவில்லை.

மாரி தொடங்கும்போது திரை வந்துவிட்டது. சுவரை அடைக்கும் அளவில் ஒரு டீவி, அதற்குப் படம் அனுப்ப ஒரு லெப்டொப். சிக்கன நடவடிக்கையாக லெப்டொப்பில் காசில்லாத லினக்ஸ் போட்டிருந்தார்கள். மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கும் விலையில், இளந்தாரிகள் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிற ரகத்தில் லெப்டொப்பை வாங்கியிருந்தார்கள். அதன் விசைகள் ஏழு நிறத்தில் மின்னின. அரசாங்கத்தில் நிறம் மின்னுகிற பொருளைச் செயலாளரைத் தவிர வேறு யார் தொடலாம்?

அந்த மாரியின் ஒரு மழைநாளில்தான் ஹவ்வா உம்மா வந்தார். கடற்கரைப் பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கையில் பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். மதகின் வாயை மணல் அடைத்து, ஒழுங்கைத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் ஏறியிருந்தது. ஊர்ப்பிள்ளைகளின் வெள்ளைத் துணியெல்லாம் கட்டில்மேல் குவிந்திருந்தது. தண்ணீர் கட்டில்மேல் ஏறினால் அவ்வளவும் நாசம். மதகு வாயின் மணலை வெட்டச் சம்மாந்துறையிலிருந்து மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து அலுவலக வாசலில் நின்றது. அதன் சாரதி கனகரெத்தினம் ஆசனத்தை விட்டு இறங்கவேயில்லை. செயலாளரின் அனுமதி மட்டுமே பாக்கி.

"சேர், ஒரு சொல்லுச் சொல்லுங்களன். பெக்கோ நிக்கி. நம்மட ஒழுங்கையும் அந்தா, ஜன்னலால தெரியிது" என்றார் ஹவ்வா உம்மா.

செயலாளர் எட்டிப் பார்த்தார். நன்றாகவே தெரிந்தது. உடனே ஜன்னல் சேலையை இழுத்து மூடச் சொன்னார்.

"ஜன்னலப் பத்திச் சுற்றுநிருபத்தில ஒண்டும் இல்ல, ராத்தா. வெளிச்சம் பட்டா திரையும் விளங்காது."

மதகின் வரைபடம் லெப்டொப்பில் அழகாகத் தெரிந்தது. சுவரில் இருந்த பெரிய திரையோ "சிக்னல் இல்லை" என்றது. தற்காலிகக் கணினி உத்தியோகத்தர் முபீன் அழைக்கப்பட்டார்.

"சேர், இதுக்குள்ள படம் காட்டுற அட்டை ரெண்டு இரிக்கி. சின்னது கரண்டு கொஞ்சமாத்தான் எடுக்கும். லெப்டொப்புட சொந்தத் திரைய அதுதான் பார்க்கிற. வெளித்திரை வயர் சொருகிற இடத்தப் பெரிசோடதான் தொடுத்திரிக்கி."

"அப்ப பெரிசு வேலை செய்யட்டுமே."

"பெரிசு நித்திரை, சேர்."

"அது நித்திரையெண்டு சின்னதுக்குத் தெரியுமா?"

"தெரியும். எழுப்பாது. எல்லா வேலையையும் தானே செஞ்சிக்கிட்டு இரிக்கும்."

செயலாளர் தலையை ஆட்டினார். கணினி பற்றி அவருக்கு முழுதாக விளங்கிய முதல் விஷயம் இதுதான்.

"இதில என்ன கஷ்டம்? பெரியவர்ர இடத்துக்குச் சின்னவரப் பதில் கடமைக்குப் போடுங்க. வெளித்திரையையும் அவரே பார்க்கட்டும்."

"அதுக்கு வயர் இல்லயே, சேர்."

"பதில் கடமைக்கு என்னத்துக்கு வயர்?"

நியமனம் தட்டச்சு செய்யப்பட்டு லெப்டொப்பின் மூடியில் ஒட்டப்பட்டது. சின்னவர் அந்தக் கடமையைப் பொறுப்பேற்கவில்லை. ஹவ்வா உம்மாவின் தொலைபேசி அடித்தது. மகள் றிபா.

"உம்மா, தண்ணி கட்டில் சட்டத்துக்கு வந்திட்டு!"

"சேர்!" என்றார் ஹவ்வா உம்மா.

"பார்த்துக்கிட்டுத்தானே இரிக்கம், ராத்தா" என்றார் செயலாளர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது "சிக்னல் இல்லை" என்பதை.

முபீன் மெல்லச் சொன்னார். "பெரிச எழுப்ப ஒரு டிரைவர் போட்டிரிக்கன், சேர். ஆனா முன்பின் தெரியாத டிரைவர மிஷின் உள்ளுக்கு விடாது. அதுக்கு ஒரு சாவி செஞ்சி வெச்சிரிக்கன். இப்ப மிஷின நிப்பாட்டித் திருப்பிப் போட்டா நீலத்தில ஒரு பக்கம் வரும். ஏதாவது ஒரு விசைய அழுத்தச் சொல்லும். பத்து விநாடிக்குள்ள அழுத்தினாச் சரி. விட்டா, மறுகா முதல்ல இருந்து."

"ஏதாவது ஒரு விசையா?" செயலாளரின் முகம் வெளிறியது. இன்ன விசை என்று சொல்லாமல் ஓர் அரச உத்தியோகத்தன் எதை நம்பி அழுத்துவது? நாளைக்குக் கணக்காய்வு வந்து, ஏன் மற்ற விசைகளை அழுத்தவில்லை என்று கேட்டால்?

நீலப் பக்கம் வந்தது. முபீன் விரலை நீட்டினார். செயலாளர் அந்த விரலைப் பாய்ந்து பிடித்தார்.

"நீங்க தற்காலிகம்!"

பத்து விநாடி போயிற்று. முபீன் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். இரண்டாம் தடவை, விசையைத் தெரிவு செய்ய உபகுழு ஒன்று அமைந்தது. நீளமான விசை என்று ஒரு சாராரும் மூலையில் இருப்பது என்று மறு சாராரும் வாதாடினர். அதுவும் போயிற்று. ஈற்றில், மாகாணத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் பணிப்பாளர் நஜீம் அவர்களின் திருக்கரத்தாலேயே விசை அழுத்தப்படும் எனத் தீர்மானம் நிறைவேறியது.

பணிப்பாளர் வந்தார். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். முபீன் மிஷினைப் போட, செயலாளர் வரவேற்புரையைத் தொடங்கினார். அவர் "பெருமதிப்புக்கும் பேரன்புக்கும்" என்பதைத் தாண்டுமுன் நீலப் பக்கம் மறைந்துவிட்டது. அடுத்த தடவை உரையை முழுதாக முடித்துவிட்டுத்தான் மிஷினைப் போட்டார்கள். பணிப்பாளர் ஒரு விரலை விசைக்கு மேலே பிடித்துக்கொண்டு கெமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"அழுத்துங்க, சேர்!" என்று கத்தினார் முபீன்.

அழுத்தினார். கரகோஷம். சாவி ஏறியது, லெப்டொப் மறுபடி எழும்பியது, அதன் காற்றாடி இரைந்தது, பெரிய அட்டை கண் விழித்தது. சுவரில் வெளிச்சம் வந்தது.

நீலநிற ஏரி ஒன்று. கரையில் கூர்கூரான மரங்கள். பின்னால் பனி மூடிய மலை. லினக்ஸ் செய்தவர்கள் அலங்காரத்துக்காகப் போட்டு அனுப்பிய படம்.

"சேர், இப்ப ரெண்டு திரையும் வேற வேறயா நிக்கிது" என்றார் முபீன். "மதகுட படம் இன்னும் லெப்டொப்பிலதான் கிடக்கு. இரிங்க, இழுத்து அங்கால..."

"தொடாதீங்க!" என்றார் செயலாளர். "இப்பதான் வந்திரிக்கி!"

பணிப்பாளர் எழுந்து திரைக்கு அருகில் போனார். சுற்றுநிருபத்தை எழுதியவரே அவர்தான். திரையில் தெரிவதுதான் குறை.

"இதுதானா அந்த ஒழுங்கை?"

"அல்லாஹ்வே, இல்ல சேர்" என்றார் ஹவ்வா உம்மா. "நம்மட ஒழுங்கையில மலை இல்ல."

"மலை பின்னால இரிக்கும், ராத்தா. ஊட்டுக்குள்ளயே இருந்தா எங்க விளங்கும்?" பிறகு செயலாளரிடம் திரும்பினார். "இப்படியான ஒரு நீர்நிலையையா பெக்கோ விட்டு வெட்டி வடிக்கப் பார்த்தீங்க?"

செயலாளர் அந்த எண்ணத்தையே அறியாதவர்போல் திடுக்கிட்டார். மேற்படி ஒழுங்கை அன்றிலிருந்து கரையோர எழில் வலயம் எனப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதிலிருந்து ஒரு சிரட்டைத் தண்ணீரையேனும் அகற்றுவது தண்டனைக்குரிய குற்றம். பொறுமையுடன் காத்திருந்தமைக்காக ஹவ்வா உம்மாவுக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது.

வாசலில் கனகரெத்தினம் பெக்கோவைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, போறயா?" என்று கேட்டார் ஹவ்வா உம்மா.

"என்னக்கா செய்ய? வெட்டச் சொன்னா வெட்டுவன். அழகு பார்க்கிறத்துக்கு பெக்கோ தேவையில்லயாம்."

ஹவ்வா உம்மா வீட்டுக்குப் போனபோது கட்டில் மூழ்கியிருந்தது. வெள்ளைத் துணியெல்லாம் சேற்று நிறம். எந்தப் பிள்ளையின் துணி எது என்று பார்க்கவும் வழியில்லை. அவரும் றிபாவும் வாசற்படியில் நின்று வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்காத நேரம் பார்த்து.

ஆனால் பார்க்க ஆள் வந்துவிட்டது. பணிப்பாளரின் விரலும் செயலாளரின் சிரிப்பும் அந்த ஏரியும் சேர்ந்த படம் பேஸ்புக்கில் ஏறி, "மாஷா அல்லாஹ், நம்மட ஊரா இது!" என்று ஊரே இதயத்தை அழுத்தித் தள்ளியிருந்தது. எந்த விசையை அழுத்துவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் மோட்டார் சைக்கிள்களில் குடும்பம் குடும்பமாக ஒழுங்கையில் வந்து இறங்கினோம். கச்சான் கடலை வண்டியும் வந்தது. மலை எங்கே என்று சிலர் கேட்டார்கள். மழை இருட்டில் மறைந்திருக்கிறது, பொறுத்தால் தெரியும் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். சீருடைக்குத் துணி கொடுத்திருந்தவர்களும் பிள்ளைகளை முழங்கால் தண்ணீரில் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார்கள்.

படத்துக்கு எல்லாம் சரியாக அமைந்த நேரத்தில்தான் வாளியோடு ஒரு மனுசி குறுக்கே நிற்பது எங்களுக்குத் தெரிந்தது.

"உம்மா, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்க. மலைய மறைக்கிறீங்க."