ஒட்டகத்தின் மேல் மாப்பிள்ளை

ஒரு பிராணியை அகராதியில் மட்டும் படித்தவனை அதன் முதுகில் ஏற்றக் கூடாது. என்னை ஏற்றினார்கள். அதுவும் என் கல்யாணத்தன்று.

அப்போது நான் கிளேட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில், பழைய அரபி மொழியின் ஒட்டகச் சொற்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். (இதற்கு உதவித்தொகையும் தந்தார்கள்.) தினமும் தண்ணீர் குடிக்கும் ஒட்டகத்துக்கு ஒரு சொல், ஒருநாள் விட்டு ஒருநாள் குடிப்பதற்கு இன்னொன்று. உட்கார வைக்க 'இஃக்' என்று சொல்ல வேண்டும். இத்தனை தெரிந்தவன் காரிலா வந்து இறங்குவான்? மாப்பிள்ளை அழைப்புக்கு கிரான்பர்ன் பக்கம் ஒரு ஒட்டகத்தை வாடகைக்குப் பிடித்தேன்.

மண்டப வாசல்வரை ஊர்வலம் ஜோராக வந்தது. ஒட்டகத்தை உட்கார வைக்க வந்த அதன் சொந்தக்காரியிடம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒதுங்கி நிற்க வைத்தேன். "இஃக்" என்றேன். ஒட்டகம் நின்றபடியே இருந்தது. தொண்டை கமறும்வரை சொன்னேன். மாமனார் கீழிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கடைசியில் சொந்தக்காரியும் தன் பாஷையில் அதட்டிப் பார்த்தாள். அதற்குள் ஒட்டகம் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டிருந்தது.

முகூர்த்தம் நெருங்கியது. தவறினால் இன்று கல்யாணமே வேண்டாம் என்று மாமியார் அழ ஆரம்பித்தார். நான் மறுபடி "இஃக்" என்றேன். வித்யாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சாஸ்திரிகள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எறங்க முடியலையா?"

"முயற்சி பண்ணிண்டிருக்கேன்."

"அப்போ மாலை மாத்தறதை இங்கேயே ஆரம்பிச்சுடலாம். பொண்ணோட மாமா யாரு? தூக்குங்கோ."

மாலை மாற்றும்போது பெண்ணை மாமா தூக்கிக்கொள்வது எங்கள் வழக்கம். ஒட்டகத்தின் உயரத்துக்குத் தூக்குவது வழக்கமில்லை. குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து வந்திருந்த மாமா வித்யாவைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"சீக்கிரம் போடும்மா, இடுப்பு போறது."

அவள் எம்பி வீசிய மாலை என் கழுத்துக்கு எட்டாமல் தரையில் விழுந்தது. ஒட்டகம் அதைப் பார்த்தது. முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, நிதானமாக உட்கார்ந்து தின்னத் தொடங்கியது. (நின்றுகொண்டே தின்றிருக்கலாம். நல்ல வளர்ப்பு.)

நான் குதித்து இறங்கி ஓடினேன். முகூர்த்தம் முடியுமுன் தாலி கட்டிவிட்டேன்.

இப்போது சாப்பிட வந்து உட்காரச் சொல்லி நான் உயர்த்தும் குரலுக்கு மகள் "கேமல் வாய்ஸ்" என்று பெயர் வைத்திருக்கிறாள். வித்யா, "பூ வாங்கிண்டு வரட்டுமா?" என்று கேட்கிறாள். என் பேச்சைக் கேட்டு இந்த வீட்டில் இன்றுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.