இரட்டைக் கட்டில் பாக்கி

அந்தக் கட்டிலுக்கு இனி ஒரு காசுகூடக் கட்டுவதில்லை என்று நான் சபதம் எடுத்தபோது அதன் மேல்தான் மல்லாந்து படுத்திருந்தேன். வெயில் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் உட்கார்ந்திருந்தது. உலகம் உழைக்கும் நேரத்தில் நான் உறங்குகிறவன். உலகம் உறங்கும்போது குளிர்பதனக் கிடங்கில் உட்கார்ந்து, மீனுக்கும் இறைச்சிக்கும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வேன். நோயாளிகள் எல்லாரும் ஏற்கெனவே செத்தவர்கள். அதனால் இதுவரை புகார் வந்ததில்லை.

கட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் தவணையில் வாங்கியது. தலைமாட்டில் கண்ணாடி, கால்மாட்டில் இழுப்பறை, நடுவில் ஒரு மைதானம். அது வீட்டுக்குள் வருவதற்காகக் கதவு வெளியே போக வேண்டியிருந்தது. இரட்டைக் கட்டில் என்று சொல்லித்தான் விற்றார்கள். பொய்யில்லை, இரண்டு பேரும்தான் படுக்கிறோம். ஷிஃப்ட் முறையில். நான் காலையில் வந்து சாயும்போது அவள் எழுந்த இடம் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கும். ஒருவர் விட்டுப்போன சூட்டில் இன்னொருவர். இப்படியே போய்க்கொண்டிருந்தது எங்கள் குடித்தனம்.

வாங்கிய அன்று கடை வாசலிலேயே அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். "கட்டில் கடன் முடியட்டும். மறுநாளே பகல் ஷிஃப்ட்டுக்கு மாறிடறேன்." ராத்திரி வேலைக்குச் சம்பளம் கூடுதல், தவணைக்கு அது தேவை. ஆனால் தவணை பாதியில் இருக்கும்போது கடையையே மூடிவிட்டார்கள். பணத்தோடு போய் நின்றோம். ஷட்டர் இறங்கியிருந்தது. தட்டிப் பார்த்தோம். கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைத் தேடிப்போய்த் தட்டிய அதிசயம் அன்று நடந்தது. யாரும் திறக்கவில்லை. அப்புறம் யாரும் கேட்கவுமில்லை. கடன் முடியவில்லை, நானும் மாறவில்லை.

மாற எனக்கு மனமும் இல்லை. ராத்திரிக் கிடங்கில் நான் பெரிய அறிஞன். பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்டதையெல்லாம் பனிக்கட்டிக்கு நடுவில் உட்கார்ந்து படிக்கிறவன். கொஞ்ச நாள் நட்சத்திரம், கொஞ்ச நாள் வைத்தியம், இப்போது சட்டம். பகல் வெளிச்சத்தில் நான் வெறும் ஆள். நாலு பேர் நடுவில் பேச்சு வராது. சாயங்காலம் முழுக்க என்னோடு உட்கார்ந்தால் இவளுக்கு அலுத்துவிடுமோ என்று ஒரு பயம் வேறு. அதை அவளிடம் சொன்னதில்லை. "கடன் இருக்கேம்மா" என்றுதான் சொல்வேன். பெரிய கட்டில் அல்லவா, ஒளிந்துகொள்ளத் தாராளமாக இடம் இருந்தது.

இந்த நிலையில் போன மாதம் இரண்டு வம்புகள் சேர்ந்து வந்தன. கிடங்கில் பகல் வேலை பார்க்கும் பெரியவர் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடம் வேண்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதை நான் கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

இரண்டாவது, பழைய பாக்கிகளை விலைக்கு வாங்கி வசூல் பண்ணும் ஒரு கம்பெனியிலிருந்து போன். மூடிப்போன கடையின் பாக்கிகளை மூட்டையாக வாங்கினார்களாம், அந்த மூட்டையில் எங்கள் கட்டிலும் இருந்ததாம். பேசியவருக்குக் குரல் அவ்வளவு இனிமை. எங்கள் வீட்டில் அவருக்குத் தேன்குரல் என்றே பெயராகிவிட்டது. வட்டியோடு அவர் சொன்ன தொகையைக் கேட்டபோது கட்டில் என்னைத் தூக்கிப் போட்டது போல இருந்தது.

விடுவேனா? கடனை நீங்கள் வாங்கியதற்கு ஆதாரம் எங்கே, கடைசித் தவணை கட்டிய தேதி எது, இரண்டையும் அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். தேதியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்குப் போடுவதற்கான கெடு தாண்டி எத்தனையோ காலமாகியிருந்தது.

மனைவியை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். அவள் வீட்டிலேயே துணிகளுக்கு அளவு திருத்திக் கொடுக்கிறவள். எப்போதும் உதட்டு நடுவில் நாலைந்து குண்டூசி இருக்கும். அதனால் என் சொற்பொழிவுகளுக்கு அவளுடைய பதில் பெரும்பாலும் "ம்"தான். இந்தக் காரணத்துக்காகவே அந்தத் தொழிலை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வளவு பழைய கடனுக்குக் கோர்ட் ஏறமுடியாது என்று சொன்னேன். "ம்" என்றாள். ஆனால் நாமே ஏமாந்துபோய் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, பாவமே என்று ஒரு சின்னத் தவணை கட்டினாலோ போச்சு, செத்த கடன் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் என்றேன். அதற்கும் "ம்". அந்த "ம்" கொஞ்சம் நீளமாக இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை என்னை முக்காலி மேல் ஏறி நிற்கச் சொன்னாள். யாரோ ஒரு வாடிக்கையாளர் என் உயரமாம். அவருடைய பேன்ட்டை மாட்டிவிட்டு, கீழ்மடிப்புக்குச் சுற்றிலும் ஊசி குத்தினாள். அசைந்தால் கணுக்காலில் ஏறும். பல வருஷங்களாக நான் இந்த வீட்டின் பொம்மை. பழக்கம்தான்.

"ஏங்க, அப்போ கட்டில் கடன் முடிஞ்சுபோச்சா?" என்று தரையில் உட்கார்ந்தபடி, வாயிலிருந்த ஊசிகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

முடிஞ்சுது என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று கடை வாசல் ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"எங்கம்மா முடிஞ்சுது? கோர்ட்டுக்குப் போகமுடியாது, அவ்வளவுதான். கடன் கடனாத்தான் நிக்குது. அதுதான் சட்ட நுணுக்கம்."

"அது பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருக்குமா?"

"காலத்துக்கும் நிக்கும்."

"அப்போ நாமளே முடிச்சுடலாம்" என்று போனை எடுத்து, சத்தமாக வைத்து, தேன்குரலைக் கூப்பிட்டாள்.

நான் குதிக்கப் பார்த்தேன். நாலு ஊசி ஒரே நேரத்தில் வேண்டாம் என்றன. ஒப்புக்காதே, ஒப்புக்காதே என்று கையைக் காலை ஆட்டினேன். காலை ஆட்டியது தப்பு. அவள் போனைப் பொத்திக்கொண்டு, "வாயாலதானே பேசறேன், எழுதியா குடுத்தேன்? நீங்க சொல்லிக்குடுத்ததுதான்" என்றாள்.

அப்புறம் அங்கே நடந்ததை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை. தேன்குரலை அவள் எடுத்தவுடன் தம்பி என்றாள். அவர் அக்கா என்றார். நாளெல்லாம் திட்டு வாங்குகிற வேலையாச்சே, சாப்பிட்டீங்களா என்று விசாரித்தாள். அவர் தானாகவே பாதி கொடுத்தால் போதும் என்றார். இவள் நிதானமாகச் சொன்னாள்: "கோர்ட்டுக்குப் போனா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு எங்க வீட்டுக்காரர் படிச்சு வெச்சிருக்கார், தம்பி. ஆனா படுத்துத் தூங்கின கட்டில். ஏமாத்தின மாதிரி இருக்கக்கூடாது. அஞ்சுல ஒரு பங்கு தரேன், என் தையல் காசு. அதுக்கு மேல கேட்டா போனை வெச்சுடுவேன்." அவர் மேலதிகாரியிடம் கேட்டுவருவதாகச் சொன்னார். மூன்றில் ஒன்று என்று திரும்பி வந்தார், நாலில் ஒன்று என்று கெஞ்சினார். இவள் அதற்குள் இடது காலை முடித்து வலது காலுக்குப் போயிருந்தாள். கடைசியில் ஐந்தில் ஒன்று.

"முதல்ல கணக்கு முடிஞ்சுதுன்னு எழுதி அனுப்புங்க. அப்புறம் காசு" என்றாள். கடிதம் போனிலேயே வந்தது. என்னிடம் நீட்டினாள். அதை நான் படித்திருக்கக் கூடாது. அறிஞன் புத்தி சும்மா இருக்குமா? மீதிப் பாக்கியை வேறு எவருக்கும் விற்கமாட்டோம் என்ற வரி இல்லையே என்றேன். அந்த வரியையும் சேர்த்து வாங்கிவிட்டுக் காசை அனுப்பினாள். அப்படியாக என் கட்டில் கோட்டைக்கு நானே கடைசிச் செங்கலை உருவிக் கொடுத்தேன்.

"முடிஞ்சுது" என்றாள். ஊசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பகல் ஷிஃப்ட்டுக்கு விண்ணப்பம். "இந்த பேன்ட் யாருதுன்னு நினைச்சீங்க? உங்க பகல் பெரியவரோடது. வழியனுப்பு விழாவுக்குப் போட்டுக்க. அவர் இடத்துல நிக்கறதுக்கு நீங்கதான் சரியான அளவு, நாளைக்குள்ள எழுதிக் குடுக்கச் சொல்லுங்கன்னார்."

எனக்கு ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. "வாக்குக் குடுத்து எத்தனை வருஷமாச்சு" என்றேன். "அதுவும் கெடு தாண்டிடுச்சும்மா."

அவள் மடியில் மிச்சமிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

"போன மழையில எனக்குக் காய்ச்சல் வந்துதே. லீவு சொல்லிட்டு ராத்திரி முழுக்க வீட்ல இருந்தீங்க."

"இருந்தேன்."

"ஐஸ் மாதிரி கையை என் நெத்தியில வெச்சுக்கிட்டு, எந்த நட்சத்திரம் எங்க இருக்குன்னு விடிய விடியச் சொன்னீங்க."

"உனக்குத் தூக்கம் வரட்டும்னுதான்…"

"நான் எங்க தூங்கினேன்? கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும், இன்னைக்கு யார்கிட்ட சொல்லிக்கிட்டிருக்காரோன்னு நினைப்பேன்." குனிந்து என் காலருகே நூலை வெட்டினாள். "அந்த ராத்திரிதான் நீங்க கட்டின தவணை. ஒரு தவணை கட்டினா கடன் எழுந்து உட்கார்ந்துடும். பாடம் எடுத்தது நீங்க."

மீனிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வந்தேன். பெரியவருடைய பேன்ட்டில் நின்றபடியே பேனாவை வாங்கினேன். ஆனாலும் ஆண்பிள்ளை, கடைசியாக ஒரு பேரம் பேசிப் பார்த்தேன். வாரத்துக்கு மூணு ராத்திரி வீட்ல இருக்கேன், மீதியைத் தள்ளுபடி பண்ணிடு, சுமுகமா முடிச்சுக்கலாம் என்றேன்.

அவள் ஊசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு, "ம்ஹூம்" என்றாள்.

தேன்குரலை ஐந்தில் ஒரு பங்குக்கு மடக்கியவள், என்னிடம் ஒரு ராத்திரியைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை.