என்னைக் கேட்டியா?

மனிதர்களில் 'கேட்டியா' என்றோர் இனம் உண்டு. அலுவலகத்துக்கு ஒன்று நிச்சயம். வீட்டுக்கு ஒன்று அநேகமாக. ஜன்னலைத் திறந்தாலும் சரி, நாற்காலியை நகர்த்தினாலும் சரி, அதன் குரல் ஒன்றே: "என்னைக் கேட்டியா?"

அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவ்வினத்தில் முதல் தரம். போன வருடம் எரிந்துபோன பல்பைக் கேட்காமல் மாற்றிய ஆய்வாளர் ஒருவர் ஐந்து வாரம் கூடத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. இத்தனைக்கும் தலைவர் பேர் வாங்கியது எதில் தெரியுமா? யாரையும் கேட்காத ஒன்றில். பாக்டீரியா தனக்கு வேண்டிய வைட்டமினைத் தானே தயாரித்துக்கொள்கிறது; அதற்கான உத்தரவைச் சுமக்கும் ஆர்.என்.ஏ இழையின் முனையில் ஒரு சின்ன மடிப்பு. வைட்டமின் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே வந்து அந்த மடிப்பில் உட்கார, இழை சுருண்டுகொள்ள, தயாரிப்பு நின்றுவிடுகிறது. மேலதிகாரி இல்லை. கையெழுத்து இல்லை.

அந்த இழைகளை நான்கு வருடமாகப் பிரித்தெடுத்துச் சேர்த்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஓர் ஆய்வாளர். முன்னூற்றுப் பன்னிரண்டு குப்பிகள். பட்டத்துக்கு மூன்றே மாதம் பாக்கி. வியாழக்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு வந்து பார்த்தால், மைனஸ் எண்பது டிகிரியில் நிற்கவேண்டிய உறைபெட்டி மைனஸ் இருபத்தாறில் நிற்கிறது, ஏறிக்கொண்டும் இருக்கிறது. உருகினால் ஆர்.என்.ஏ தாங்காது. அடுத்த அறையில் இன்னொரு உறைபெட்டி காலியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் சாவி தலைவர் அறை ஆணியில். அறை திறந்தே கிடந்தது.

எடுத்தாளா? பல்பு ஞாபகம் வந்தது. தலைவர் கீழே அரங்கில் பேசிக்கொண்டிருந்தார். சீட்டு எழுதி அனுப்பினாள்; அவர் படிக்காமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டு, யாரையும் கேளாமல் முடிவெடுக்கும் அந்த இழையின் அழகை மேலும் ஒன்றரை மணி நேரம் வியந்தார். கைதட்டல் மேலே அவளுக்கே கேட்டது. ஆணிக்கு எதிரே நின்றபடியே கேட்டாள்.

கைகுலுக்கல், காபி எல்லாம் முடித்துப் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். குப்பிகளில் தண்ணீர்தான் இருந்தது. ஆணியைக் காட்டினார்.

"சாவி இங்கதானேம்மா தொங்குது? இதுக்குக்கூடவா என்னைக் கேக்கணும்?"

அவள் சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டினாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும் ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கலாம். அணைக்கலாமா என்று கேட்க, நீங்கள் படித்து முடிப்பதற்காகக் காத்து யாரோ வாசற்படியில் நிற்கிறார்கள்.