டமால் கம்பவுண்டர்

டமால் கம்பவுண்டரே, உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்து நாளாகவில்லை. அதற்குள் ஜட்கா ஸ்டாண்டில் உட்கார்ந்து உங்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறோம். சிரித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சிவகாசியில் இவர் கையால் ஊசி வாங்காத குதிரையும் கிடையாது, வாயால் ஏச்சு வாங்காத குதிரைக்காரனும் கிடையாது. நானும் ஜட்கா ஓட்டுகிறவன்தான். நிறைய வாங்கியிருக்கிறேன்.

மாட்டாஸ்பத்திரியில் அவருக்கு வேலை. ஆள் ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். "வாங்க தாயி, இங்கன வந்து நில்லுங்க" என்பார். அது குதிரைக்கு. "ஏலே, பின்னங்காலுப் பக்கம் ஒனக்கு என்னலே சோலி? பல்லு வேணுமா வேண்டாமா?" அது எங்களுக்கு.

அவர் எந்தப் பக்கம் நின்று ஊசி போடுகிறாரோ, கயிறு பிடிக்கிறவனும் அதே பக்கம் நிற்கவேண்டும். குதிரை துள்ளினால் தலையை நம் பக்கம் இழுக்கலாம், பின்கால் அந்தப் பக்கம் போய்விடும், உதை விழாது. பிறகு புறங்கையால் கழுத்தில் தட்டித் தட்டிப் பேசுவார். தட்டோடு தட்டாக ஊசி மட்டும் இறங்கியிருக்கும். மருந்துக் குழாயை அப்புறம்தான் மாட்டுவார். குதிரைக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஊர் ஓரத்துப் பட்டாசுக் கம்பெனியில் தினமும் உச்சிக்கு முன்னால் ஒரு வெடி வெடித்துப் பார்ப்பார்கள். அது வெடிக்கிறவரை ஊசியைத் தொடமாட்டார். காரணம் உண்டு. ஒரு தரம் ஊசி கழுத்தில் இருக்கும்போதே வெடித்துவிட்டது. குதிரை முன்னங்காலைத் தூக்கியது, கம்பவுண்டர் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தார். உள்ளே இருந்தபடியே, "தப்பு ஒங்க மேல இல்ல தாயி" என்றாராம்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் என் குதிரை செவலை, பட்டாசுப் பெட்டியிலிருந்து தெறித்துக் கிடந்த ஆணியை மிதித்துவிட்டது. ஆணி ஏறின குதிரைக்கு ஊசி போடாவிட்டால் தாடை பூட்டிக்கொள்ளும். அப்புறம் பிழைக்காது. என் அப்பாவின் குதிரை அப்படித்தான் செத்தது. செவலையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கம்பவுண்டர் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு சும்மா நின்றார். உச்சி தாண்டிவிட்டது.

"ஐயா, போடுங்கய்யா."

"வெடிக்கட்டும்லே."

"கம்பெனி லீவுய்யா. தீவாளி முடிஞ்சு ஒரு ஆளு இல்ல அங்க."

"அது எனக்குத் தெரியும். ஒன் குதிரைக்குத் தெரியுமா? காதைப் பாரு, வெடிக்குத்தான் காத்து நிக்கா. ஒடம்பு கல்லா இருக்கு. இப்பக் குத்துனா ஊசி ஒடிஞ்சு உள்ள நின்னுக்கிடும்."

பஜாருக்கு ஓடினேன். நாட்டுக்கெல்லாம் வெடி அனுப்புகிற ஊரில் அன்றைக்கு ஒரு வெடி அகப்படவில்லை. எல்லாம் லோடு ஏறிப் போய்விட்டது. "அடுத்த சீசனுக்கு வா தம்பி" என்றார் ஒரு கடைக்காரர்.

வெறுங்கையோடு வந்து, செவலை கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். எங்களை ஏசும்போதுகூடக் குதிரைக்கு முன்னால் குரலே உயர்த்தாத மனுஷன், வானத்தைப் பார்த்து, "டமால்" என்று ஒரு கத்துக் கத்தினார்.

வேப்பமரத்துக் காக்காய் அத்தனையும் பறந்துவிட்டது. டாக்டர் வெளியே ஓடிவந்தார். செவலை மட்டும் அசையவில்லை. மெதுவாகத் திரும்பி, அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டது. காது தொங்கியது.

"வெடிச்சிருச்சுல்ல தாயி? அம்புட்டுத்தான்" என்று தட்டினார். ஊசி இறங்கிவிட்டது. செவலை இன்றைக்கும் என் வண்டியில்தான் ஓடுகிறது. அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

போன மாதம் அவரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். "வாங்க தம்பி" என்றார். குதிரைக்குக் கொடுக்கிற மரியாதையை எனக்குக் கொடுக்கிறாரே என்று கட்டில் ஓரமாகவே நின்றுவிட்டேன்.

நர்ஸம்மா ஊசியோடு வந்தார். இவர் தன் கையை இழுத்துக்கொண்டார்.

"செத்தப் பொறுங்க சிஸ்டர். இன்னும் வெடிக்கல."

"என்ன வெடிக்கணும் ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார். கட்டிலுக்குக் கட்டில் நோயாளிகள். நான் சுற்றி வந்து நர்ஸம்மா நிற்கிற பக்கமாக நின்றேன். கம்பவுண்டர் தோளைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, "டமால்" என்றேன்.

நர்ஸம்மா என்னை ஏசின ஏச்சு, கம்பவுண்டர் ஏச்சுக்குக் குறைந்ததில்லை. அவரோ செவலை மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டார். சிரித்தார். கையை நீட்டிவிட்டார்.

அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. ஜெபம் பண்ணுகிறவர்கள் பண்ணுங்கள், சாமி கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள். போன இடத்திலும் அவர் நிற்கிற பக்கமாகவே யாராவது ஒரு ஆள் நிற்கவேண்டும் என்று அவருக்காகக் கேளுங்கள்.