நம்பர் டாக்டர் வைத்த சூடு

எங்கள் சாரம் பேட்டையில் வாய்க்கொழுப்புக்கு ஒரு போட்டி வைத்திருந்தால், நம்பர் டாக்டர் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தோல் டாக்டர். எல்லார் கையிலும் செல்போன் முளைக்க ஆரம்பித்த காலம் அது. முகத்து முடியை வெளிச்சத்தால் சுட்டு எடுக்கிற மெஷின் ஒன்றை வாங்கி, மாடியில் கடை விரித்திருந்தார்.

மெஷினில் ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர். ஒன்று வெள்ளைக்காரத் தோல், ஆறு நல்ல கருப்பு. வந்தவர்களை ஜன்னலோரம் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, வெளியே காத்திருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி நம்பரைக் கத்துவார். கல்யாணத் தரகரே "மாநிறம்" என்று மழுப்புகிற ஊரில் இது தேவையா? பாதிப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு அம்மாள் ஒருவர், பாரீஸிலிருந்து லீவுக்கு வந்தவர், "நான் ரெண்டாம் நம்பர் டாக்டர்" என்றாராம்.

"பாஸ்போர்ட்டு பிரான்சும்மா, தோலு நம்மூரு உழவர்கரை. அஞ்சு!"

அந்த அம்மாள் பிரெஞ்சில் திட்டிக்கொண்டே போனதைத் தெருவே நின்று கேட்டது.

இந்த மகானிடம்தான் எங்கள் அக்காவைக் கூட்டிப்போனோம். அவளுக்குத் தாடையில் முடி. பெண் பார்க்க வந்த கூட்டம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, போகிற போக்கில் அதைச் சொல்லிச் சிரித்தது. அன்றிலிருந்து அக்கா துப்பட்டாவால் தாடையை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

டாக்டர் பார்த்தார். "ஆறு!"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "நாக்குல நரம்பில்லாம பேசறீங்களே! எம் பொண்ணு மாநிறங்க. மூணு போடுங்க."

"மெஷின் என்னா மாப்ள வீடா, ஏமாத்தறதுக்கு? இந்த வெளிச்சம் கருப்பத் தேடிப் போயி சுடும். முடியும் கருப்பு, தோலும் கருப்பு. நம்பர் கொறஞ்சா சூடு ஏறும். மூணுல வச்சா மொகமே வெந்துடும். ஆறுல வச்சு, காதுக்குக் கீழ மொதல்ல ஒரு பொட்டு. ஒண்ணும் ஆவலன்னா அடுத்த மாசம் வாங்க. அதுவரைக்கும் வெயில்ல சுத்தக் கூடாது."

"அடுத்த மாசமா? பஸ் ஸ்டாண்டாண்ட பார்லர்ல ஒரே நாள்ல முடிச்சுடறாங்க. நம்பரும் கேக்கறதில்ல, மானத்தையும் வாங்கறதில்ல. ஏந்திரிடி, போலாம்."

அக்கா எழுந்துவிட்டாள். நேராகப் பார்லருக்குத்தான் போயிருப்போம்.

"உக்காரு!" டாக்டர் போட்ட சத்தத்தில் நானும் உட்கார்ந்தேன். எங்கள் மூன்று பேர் கண்ணிலும் கருப்புக் கண்ணாடியை மாட்டினார், தானும் மாட்டிக்கொண்டார். வெல்டிங் பட்டறைக்கு ஆள் எடுத்த மாதிரி இருந்தோம். சட்டைக் கையைச் சுருட்டினார். அக்காவைவிட ஒரு பிடி கூடவே கருப்பு. "நானும் ஆறுதான். இந்தாங்க, நீங்க கேட்ட மூணு."

படக்கென்று ஒரு வெளிச்சம். முடி பொசுங்கிய நாற்றம். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் கன்றி, கொப்புளம் கிளம்பியது.

"இது கையி. சட்டைய எறக்கிவுட்டா போச்சு. அது மொகம்."

அம்மா கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் அந்தக் கையை இழுத்துப் பிடித்து, "ஐயோ, பைத்தியக்கார மனுஷா!" என்று உஸ்ஸு உஸ்ஸென்று ஊதினாள். அக்கா துப்பட்டாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நான் கருப்புதான் சார். ஆறே போடுங்க."

மாசக்கணக்கில் இழுத்தது. போகிற ஒவ்வொரு தடவையும் "ஆறு வந்துடுச்சு!" என்று அதே கத்தல். முடி முழுசாகப் போகவில்லை, முக்கால்வாசி போனது. முகத்தில் ஒரு புள்ளித் தழும்பு கிடையாது.

திமிர் பிடித்த மனுஷன். எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.